பேட்டரி ஏறும் நேரம்

பச்சைமலையில் தமயந்தி அம்மாளை வண்டிச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வார்கள். வளைவில் ஆள் தெரிவதற்கு முன்பே அந்தப் பழைய மோட்டார் சைக்கிளின் சத்தம் ஊருக்குள் வந்துவிடும்.

ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர் அவர். வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்து, ஓடையோரம் ஓர் ஓட்டு வீட்டில் தங்கினார். விடியும் நேரத்தில் அந்த வீட்டின் முன்னறையில் சிலர் அவரோடு கண்மூடிப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்காகவே அடிவாரத்திலிருந்து வருகிறவர்களும் உண்டு. வெயில் ஏறியதும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மலையூர்களில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவார். புண்ணைக் கழுவிக் கட்டுவார். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு அடுத்த வீடு.

அவரைப் பற்றி மலையில் ஒரு பேச்சு இருந்தது. யார் வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார் என்பார்கள். வீட்டுக்காரர்கள் மோரும் காபியுமாக வாசல் வரை பின்னாலேயே வருவார்கள். "இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே அம்மாள் வண்டியை உதைத்துவிடுவார்.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வைரக்கண்ணு அவரிடம் சீடராக வந்து சேர்ந்தார்.

வைரக்கண்ணு அம்மாளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பஸ் டெப்போவில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, துறையூரில் இருந்த மகள் மேகலா தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். மருமகன் இளவழகனும் நேரில் வந்து கூப்பிட்டான். அவர் போகவில்லை. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது, ஒரு டம்ளர் காபிக்குக்கூட ஒருவருக்குக் கடமைப்படக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கறார். மகளைப் பார்க்கப் போனாலும் பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். மேகலா இலை போட்டுக் காத்திருப்பாள். "இப்பத்தாம்மா சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, வாங்கிப் போன பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு அம்மாளைப் பற்றிக் கேள்விப்பட்டதும் தன் இனத்து ஆளைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. மலையிலேயே ஓர் அறை பிடித்தார். தானே பொங்கித் தின்றார். வண்டியில் அம்மாளுக்குப் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போய்வந்தார். நோயாளிகளைத் தூக்கிப் புரட்ட இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அம்மாளும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு மழைக்காலத்தில் வண்டி அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. முதலில் விளக்கு மங்கியது. பிறகு ஹாரன் செத்தது. ஒருநாள் ஏற்றத்தின் நடுவில் என்ஜினும் அடங்கிவிட்டது. வைரக்கண்ணு பிரித்துப் பார்த்தார். வண்டி ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிற காயில் கருகிக் கரியாகியிருந்தது. பேட்டரி தன்னிடம் இருந்ததைக் கொடுத்துக் கொடுத்துத் தீர்ந்துபோயிருந்தது.

இந்த வண்டிக்கு இப்போது கடையில் காயில் கிடைப்பதில்லை, யாராவது கையால் கம்பி சுற்றித் தரவேண்டும் என்று அம்மாளிடம் சொன்னார். வண்டிக்கும் வயதாகிவிட்டது. இதைச் சரி செய்தால் நாளைக்கு இன்னொன்று போகும். புது வண்டி வாங்கித் தர அடிவாரத்து அன்பர்கள் தயாராக இருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"சரி பண்ணலாமாம்மா, விலைக்குக் கொடுத்துடலாமா?"

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. டெப்போவில் அவர் சுற்றாத காயில் இல்லை. ஆனால் இப்போது விரல்கள் நடுங்குகின்றன. முடி போன்ற அந்தக் கம்பியை இழுத்துப் பிடித்துச் சுற்ற அவரால் ஆகாது. அதைச் செய்யக்கூடிய ஆளும் அவருக்குத் தெரியும். இளவழகன் துறையூரில் மோட்டார் காயில் கட்டும் கடைதான் வைத்திருந்தான். மருமகனிடம் போய் நிற்பதைவிட வண்டியை விற்றுவிடுவது அவருக்குச் சுலபமாகத் தெரிந்தது.

அம்மாள் வண்டியின் டேங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேட்டரியைத் தனியா கழட்டி சார்ஜ் போட முடியுமா?"

"போடலாம். விளக்கு போடாம ஓட்டினா ஒரு நாளைக்குத் தாங்கும். இருட்டறதுக்குள்ள வீடு திரும்பணும்."

"அப்ப அது போதும்," என்றார் அம்மாள்.

மறுநாள் அவருடைய பையில் மருந்து, பஞ்சு இவற்றோடு ஒரு சிறிய சார்ஜரும் இருந்தது.

முதல் வீடு நல்லம்மாளுடையது. தேன்பாறை என்ற சிற்றூரில் மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் இருந்தது அந்த வீடு. அவள் புருஷன் பெரியண்ணன் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தான். அம்மாள் அவனைக் குளிப்பாட்டிப் புண்ணைக் கழுவினார். வழக்கமாக அதோடு கிளம்பிவிடுவார். அன்று வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி எடுத்து வந்தார்.

"நல்லம்மா, இதைக் கொஞ்ச நேரம் உங்க வீட்டுக் கரண்ட்டுல போட்டுக்கட்டுமா?"

நல்லம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. அம்மாள் தன்னிடம் ஒன்று கேட்கிறார் என்பது புரிந்ததும், ரேடியோ வைத்திருந்த பலகையைக் காலி செய்து, முந்தானையால் துடைத்து இடம் கொடுத்தாள்.

பேட்டரி ஏற நேரமாகும். அம்மாளுக்குப் போக வழியில்லை. பெரியண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உச்சிவேளை ஆனது. நல்லம்மாள் தயங்கித் தயங்கி ஒரு தட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்ற பதிலுக்காகவே காத்திருப்பவள் போல அருகிலேயே நின்றாள்.

அம்மாள் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

நல்லம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வருசமா இவரைப் பார்க்க வந்தீங்க. இன்னிக்குத்தாம்மா எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்க."

வைரக்கண்ணுவுக்கும் ஒரு தட்டு வந்தது. விரதம் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். புளியமரத்தடியில் உட்கார்ந்து, தான் கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டார்.

அதன்பிறகு மலை முழுக்க இதுதான் நடந்தது. ஒருநாள் ஒரு வீட்டில் பேட்டரி ஏறும், மறுநாள் இன்னொரு வீட்டில். அது ஏறும் வரை அம்மாள் அங்கேயே இருப்பார். சோறு போட்டால் சாப்பிடுவார். பாய் விரித்தால் கொஞ்சம் கண்ணயர்வார். ஒரு வீட்டில் அவருக்கு மரவள்ளிக் கிழங்கைத் தோலுரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் உரித்த அழகைப் பார்த்து, வாய் கோணிப் படுத்திருந்த கிழவி மாதக்கணக்கில் சிரிக்காத சிரிப்பைச் சிரித்தாள். அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாளில்தான் நல்லம்மாள் தன் புருஷனைத் தனியாளாகத் தூக்கி இழுத்துத் தன் இடுப்பைக் கெடுத்துக்கொண்டிருப்பதையும் அம்மாள் பார்த்தார். போர்வையை அடியில் கொடுத்து நோகாமல் நகர்த்துவது எப்படி என்று காட்டிக்கொடுத்தார். இத்தனை நாள் வந்தும் இது என் கண்ணில் படவில்லையே என்று திரும்பும்போது வழியில் சொன்னார்.

வைரக்கண்ணுவின் மனதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அதைக் கேட்டே விட்டார்.

"யார்கிட்டயும் எதுவும் வாங்காம இருந்தீங்க."

"ஆமா."

"அதைப் பார்த்துத்தான் நான் வந்தேன்."

"தெரியும்."

"இப்ப வீட்டுக்கு வீடு கை நனைக்கறீங்க. ஒரு காயிலுக்காக."

அம்மாள் பையைத் திறந்தார். கடைசி வீட்டில் இலையில் கட்டிக் கொடுத்த அவித்த கிழங்கு அதில் இருந்தது. இன்னும் ஆவி அடங்கவில்லை. ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"பசியில்லைம்மா," என்றார் வைரக்கண்ணு.

"சரி," என்று சொல்லிவிட்டு அம்மாள் அதைத் தானே தின்றார்.

அன்று வைரக்கண்ணு மலையை விட்டு இறங்கிவிடலாமா என்றுகூட யோசித்தார். துணிமணிகளை மடித்து வைத்தார். ஆனால் விடிந்ததும் வண்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

மார்கழி தொடங்கியிருந்த ஒரு நாள் தேன்பாறையில் காலையிலிருந்தே கரண்ட் வந்து வந்து போனது. மதியத்துக்குப் பிறகு வரவே இல்லை. பேட்டரி பாதிகூட ஏறவில்லை. பொழுது சாயப் போகிறது, இருப்பதை வைத்துக்கொண்டு மெதுவாகப் போய்விடலாம் என்று வைரக்கண்ணு சொன்னார். அம்மாள் எழுந்த நேரத்தில் காட்டிலிருந்து நல்லம்மாளின் குரல் கேட்டது.

கிழங்கு பிடுங்கப் போனவளைப் பாம்பு கடித்திருந்தது. கணுக்காலுக்கு மேலே இரண்டு பல் பட்டிருந்தது. அம்மாள் அவளைப் படுக்க வைத்து, காலை அசையாமல் மட்டையோடு சேர்த்துக் கட்டினார். பக்கத்து வீட்டுத் தங்கராசு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். மேலே வந்துசேர நேரமாகும் என்றார்கள். ஊரில் இருந்த ஒரே ஜீப் சந்தைக்குப் போயிருந்தது. தங்கராசிடம் ஒரு மொபெட், அவன் தம்பியிடம் ஒன்று. அவற்றில் மூன்று பேரை வைத்து மலை இறங்க முடியாது. அம்மாளின் வண்டிதான் கனம் தாங்கும். ஆனால் இருட்டிக்கொண்டு வந்தது.

"விளக்கைப் போட்டா பாதி வழியில நின்னுடும்," என்றார் வைரக்கண்ணு. "போடலைன்னா வளைவு தெரியாது."

தங்கராசு தன் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டுபோய்ப் பாதையின் முன்னால் நிறுத்தினான். அவன் தம்பி தன்னுடையதைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான். பெரியண்ணனைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தங்கராசின் மனைவி சொன்னாள்.

அம்மாள் ஓட்ட, நடுவில் நல்லம்மாள். அவளைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் வைரக்கண்ணு. முன்னால் போன மொபெட்டின் சின்ன மஞ்சள் வெளிச்சம் பாறையிலும் புதரிலும் பட்டுப் பட்டு நகர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் தங்கராசு வேகத்தைக் குறைத்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, அம்மாள் திரும்பும் வரை நின்றான். பின்னாலிருந்த வெளிச்சம் இவர்களின் நிழலை நீளமாக முன்னே தள்ளியது. நல்லம்மாளுக்குக் கண் சொருகியது. என்னிடம் பேசிக்கொண்டே வா என்று வைரக்கண்ணு அவளிடம் கெஞ்சினார். அவள் பெரியண்ணனுக்குக் களி கிண்டவில்லை என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடிவாரத்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டி தானாக நின்றது. பேட்டரியில் ஒன்றும் மிச்சமில்லை.

டாக்டர் இருந்தார். மருந்தும் இருந்தது. ஊசி போட்டு, நல்லம்மாளை ஆம்புலன்ஸில் துறையூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்மாள் கூடவே ஏறிப் போனார். வாசலில் வைரக்கண்ணுவும் தங்கராசும் நின்றார்கள். வைரக்கண்ணு ஆம்புலன்ஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கையில் ஒரு கிளாஸைத் திணித்தார்கள். பாதிக்கு மேல் குடித்த பிறகுதான் அது டீ என்பதும், கொடுத்தது தங்கராசு என்பதும் அவருக்கு உறைத்தது.

மீதியையும் குடித்தார்.

நல்லம்மாள் பிழைத்துக்கொண்டாள். கால் வீங்கிக் கறுத்திருந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தியோடு அம்மாள் மலைக்குத் திரும்பி வந்தபோது வைரக்கண்ணு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வண்டியைச் சரி பண்ணிடுங்கய்யா," என்றார் அம்மாள்.

வைரக்கண்ணு நிமிர்ந்தார். "நான் கேட்டப்பவே பண்ணியிருந்தா அன்னிக்கு நம்மகிட்டயே விளக்கு இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

"அப்ப வேண்டாம்னுட்டு, இப்ப எதுக்கும்மா?"

"அன்னிக்குத் தங்கராசு நமக்கு முன்னால போனார். என்னிக்காவது அவர் வண்டியில விளக்கு எரியாதில்லையா, அன்னிக்கு யாராவது அவருக்கு முன்னால போகணுமே."

வைரக்கண்ணு கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தார். பிழிந்து முடித்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார்.

"என்னால காயில் சுத்த முடியாதும்மா. கை நடுங்குது."

"பார்த்திருக்கேன்."

"வேற ஆள்கிட்டத்தான் போகணும்."

"போங்க," என்றார் அம்மாள்.

கருகிய காயிலை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வைரக்கண்ணு பஸ் ஏறினார். துறையூரில் இறங்கி, வழக்கமாகச் சாப்பிடும் ஹோட்டல் வாசலில் சற்று நின்றார். பிறகு சாப்பிடாமலே நடந்தார்.

இளவழகன் கடையில் ஆட்டோக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தான். மாமனாரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். வைரக்கண்ணு துணியைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தார். வாயில் வந்தது ஒன்றுதான்.

"இதை எனக்காகச் சுத்திக் குடுங்க மாப்பிள்ளை."

இளவழகன் காயிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். கையிலிருந்த வேலைகளையெல்லாம் ஒதுக்கி வைத்தான். கருகிய கம்பியைச் சுற்றுச் சுற்றாக உருவி எடுத்தான். பழைய சுற்றின் போக்கு எப்படி என்று மாமனாரிடமே கேட்டான். அவர் சொல்லச் சொல்ல அவன் சுற்றினான். கம்பிச் சுருளை அவர் மடியில் வைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார். அதற்கு விரல் நடுங்கினாலும் பாதகமில்லை. நடுவில் ஒருமுறை இளவழகன், இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடைக்காமல்தான் தொழிலைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதாகச் சொன்னான். வைரக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

மத்தியானம் மேகலா கூப்பிட வந்தாள். வழக்கம்போல இப்பத்தாம்மா சாப்பிட்டேன் என்று அப்பா சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

"பசிக்குதும்மா," என்றார் வைரக்கண்ணு.

கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும்தான் இருந்தன. அவர் வருவார் என்று யாருக்குத் தெரியும். மேகலா இலைக்கு எதிரில் உட்கார்ந்து, அப்பா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளித்த வடகத்தின் மணம் செத்துப்போன மனைவியின் சமையலைப் போலவே இருந்தது. இதை இவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அவள் கேட்டாள். வைரக்கண்ணு இலையை அவள் பக்கம் நகர்த்தினார்.

காயில் வார்னிஷ் காய வேண்டும், நாளைக்குத்தான் எடுத்துப் போக முடியும் என்று இளவழகன் சொன்னான். அதற்கென்ன, இருக்கிறேன் என்றார் அவர். ஒழித்து வைத்த அறை இன்னும் அப்படியே இருந்தது. தலையணைக்குப் புது உறை போட்டிருந்தார்கள்.

மறுநாள் மலைக்கு வந்து காயிலை மாட்டினார். வயர்களை இணைத்து, புதுத் தண்ணீர் ஊற்றிய பேட்டரியை வைத்துக் கட்டினார். அம்மாள் வண்டியை உதைத்தார். என்ஜின் பிடித்தது. விளக்கைப் போட்டதும் பகல் வெளிச்சத்திலும் சுவர்மேல் ஒரு வட்டம் விழுந்தது. என்ஜினை முறுக்க முறுக்க அந்த வட்டம் பளிச்சென்று ஆனது. ஓடைக்கு வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

வைரக்கண்ணுவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே எதையோ இழக்கப்போகிற மாதிரியும் இருந்தது. திருப்புளியையும் ஸ்பேனரையும் துடைத்துப் பைக்குள் வைத்தார். சார்ஜரைக் கையில் எடுத்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"இனி இது தானா ஏறிக்கும்மா. யார் வீட்டுலயும் காத்துக்கிட்டு உட்கார வேண்டாம்."

"வேண்டாம்."

"முன்ன மாதிரி வேலை முடிஞ்சதும் கிளம்பிடலாம்."

அம்மாள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, அவருக்கு இடம்விட்டு முன்னால் நகர்ந்துகொண்டார்.

"நீங்க சரி பண்ணினது வண்டியைத்தானேய்யா. எனக்கு இன்னும் பசிக்குமே," என்றார். "ஏறுங்க. நல்லம்மா வீட்டுக்கு வந்துட்டாங்களாம். களி ஆறிடும்."